அத்தியாயம் 9: எந்தப் பிரவுசரில் வந்தாலும் வேலை முடிய வேண்டும்

உங்கள் தளத்துக்கு வருகிறவர்களில் பலர் தங்கள் பிரவுசரின் பதிப்பைத் தாங்களே தேர்ந்தெடுத்தவர்கள் அல்லர். கையில் இருக்கும் கருவியோ, அதன் இயங்குதளமோ, அலுவலகத்தின் கணினிப் பிரிவோ அதை முன்பே முடிவு செய்துவிட்டிருக்கும். 2014இல் வந்த ஐபோன் 6, ஐஓஎஸ் 12ஐத் தாண்டாது. அதில் குரோம் நிறுவினாலும் உள்ளே ஓடுவது அதே பழைய ஆப்பிள் வெப்கிட் எஞ்சின்தான். விண்டோஸ் 7 கணினிக்கு 2023 ஜனவரியில் வந்த குரோம் 109தான் கடைசி. ஆண்ட்ராய்டு 7 போனில் குரோம் 119உடன் வரிசை நின்றுவிடுகிறது. இவர்களிடம் ‘பிரவுசரைப் புதுப்பியுங்கள்’ என்று சொல்வது ‘புதுக் கருவி வாங்குங்கள்’ என்று சொல்வதுதான்.

ஒரு கல்லூரியின் சேர்க்கை விண்ணப்பப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். அண்ணனின் பழைய போனில் ஒரு மாணவி அதைத் திறக்கிறாள். பிரவுசிங் சென்டரின் விண்டோஸ் 7 கணினியில் இன்னொருவர் திறக்கிறார். வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தட்டி மூன்றாமவர் வருகிறார். மூவருக்கும் கடைசி நாள் ஒன்றுதான். மூவரும் விண்ணப்பத்தை அனுப்பி முடிக்கும்படி பக்கத்தை அமைப்பது எப்படி என்பதை இந்த அத்தியாயம் படிப்படியாகச் சொல்கிறது.

9.1 பிளகின் காலம் விட்டுச்சென்ற பாடம்

ஃபிளாஷ், ஜாவா ஆப்லெட், சில்வர்லைட், ஆக்டிவ்எக்ஸ் ஆகியவை பிரவுசர் தானாகச் செய்ய முடியாததைச் செய்துதர வந்த பிளகின்கள். வீடியோ, ஊடாடும் வரைகலை, டிஜிட்டல் கையொப்பம் எல்லாம் பெரும்பாலும் அவற்றின் வழியாகத்தான் வலைப்பக்கத்துக்கு வந்தன. அதற்கு ஈடாக அவை ஒரு நிபந்தனையும் வைத்தன: வருகிறவரின் கணினியில் அந்தப் பிளகின் இருக்க வேண்டும், அதுவும் சரியான பதிப்பாக இருக்க வேண்டும். டிஜிட்டல் கையொப்பத்தோடு இணையவழி டெண்டர் போட்டவர்களுக்கு இந்தச் சிரமம் நன்றாகத் தெரியும். எந்த ஜாவா, எந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர், எந்தப் பாதுகாப்பு அமைப்பு என்று பக்கம் பக்கமாகக் குறிப்புகள் இருக்கும். 2014 ஜனவரியில் வந்த ஜாவா 7இன் 51ஆவது அப்டேட், கையொப்பமிடாத ஆப்லெட்டுகளை இயல்பாகவே தடுத்தது. அதுவரை ஓடிய பல பக்கங்கள் அதோடு நின்றன.

பிறகு பிளகின்களே போய்விட்டன. பழைய பிளகின் இடைமுகத்தைக் குரோம் 2015 செப்டம்பரில் நீக்கியது. ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சில் ஃபிளாஷைத் தவிர மற்றவற்றை நிறுத்தியது. 2018இல் வெளியான ஜாவா 11இல் பிரவுசர் பிளகினே இல்லை. ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31உடன் முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயரே உள்ளடக்கத்தை ஓட்ட மறுத்தது. சில்வர்லைட் 2021 அக்டோபரிலும், விண்டோஸ் 10இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11 2022 ஜூனிலும் முடிவுக்கு வந்தன.

ஃபிளாஷ் நிற்கப்போவதை அடோபி 2017 ஜூலையிலேயே அறிவித்திருந்தது. மூன்று ஆண்டுக்கும் மேல் அவகாசம் இருந்தும், தென் ஆப்பிரிக்க வருவாய்த் துறையின் சில வரிப் படிவங்கள் ஃபிளாஷிலேயே தங்கிவிட்டன. அந்தப் படிவங்களைத் திறப்பதற்காக 2021 ஜனவரியில் அந்தத் துறை ஃபிளாஷ் உள்ளடங்கிய தனி பிரவுசர் ஒன்றை வெளியிட வேண்டியதாயிற்று. தென் கொரியாவில் விளைவு இன்னும் பெரிது. அங்கே 1990களின் இறுதியில் சொந்தமாக ஒரு குறியாக்க முறையை உருவாக்கி, அதை ஆக்டிவ்எக்ஸ் வழியாக வங்கிகளிலும் கடைகளிலும் பயன்படுத்தினார்கள். அதனால் ஒரு நாட்டின் இணைய வணிகமே பல ஆண்டுகள் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரோடு கட்டுண்டு கிடந்தது. வெளிநாட்டினர் கொரியத் தளங்களில் பொருள் வாங்க முடியாததை 2014இல் குடியரசுத் தலைவரே குறையாகச் சொல்லும் நிலை வந்தது. இந்த முறையோடு பிணைந்திருந்த ‘அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழ்’ என்ற ஏற்பாட்டின் தனிச் சலுகை 2020 டிசம்பரில்தான் முடிந்தது.

ஒரு வேலை முடிவதற்கு வருகிறவரிடம் குறிப்பிட்ட பொருள் ஒன்று இருந்தாக வேண்டும் என்று வைத்தால், அந்தப் பொருள் மறையும் நாளில் வேலையும் நின்றுவிடும். இன்று பிளகின் இல்லை. ஆனால் ‘குரோமின் அண்மைப் பதிப்பில் மட்டும் இயங்கும்’ என்று எழுதுகிறவர் அதே நிபந்தனையைத்தான் வேறு பெயரில் வைக்கிறார்.

9.2 யார் வருகிறார்கள் என்று முதலில் பாருங்கள்

உலகப் புள்ளிவிவரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் சர்வரின் பதிவேட்டைப் பாருங்கள். பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்டாகச் சேர்க்கும் வருகைக் கணக்கு இதற்குப் போதாது. ஸ்கிரிப்ட் ஓடாதவர்கள் அந்தக் கணக்கில் சேரவே மாட்டார்கள். நீங்கள் தேடுவதோ முக்கியமாக அவர்களைத்தான்.

பிரிட்டன் அரசின் டிஜிட்டல் சேவைப் பிரிவு 2013இல் தன் தளத்தில் இதை அளந்தது. வந்தவர்களில் 1.1 சதவீதத்தினருக்கு ஜாவாஸ்கிரிப்ட் போய்ச் சேரவில்லை. அதில் ஸ்கிரிப்டை அணைத்து வைத்திருந்தவர்களும், அந்த வசதியே இல்லாத பிரவுசரில் வந்தவர்களும் 0.2 சதவீதம்தான். மீதி 0.9 சதவீதத்தினரின் பிரவுசர் அதை ஓட்டக்கூடியதே. ஆனால் ஏதோ ஒரு காரணத்தால் ஓடவில்லை. பாதியில் அறுந்த இணைப்பு, இடையில் தடுக்கும் அலுவலக ஃபயர்வால், குறுக்கிடும் எக்ஸ்டென்ஷன், ஸ்கிரிப்டில் ஒரு பிழை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். ஆகவே பழைய பிரவுசருக்காகச் செய்யும் ஏற்பாடு, புதிய பிரவுசரோடு மோசமான இணைப்பில் இருப்பவரையும் காப்பாற்றும்.

பதிவேட்டைப் பார்த்தபின் இரண்டு கோடுகள் போடுங்கள். முதல் கோட்டுக்கு மேலே உள்ள பிரவுசர்களில் தளம் முழு வசதியோடும் அழகோடும் இயங்க வேண்டும். அதற்குக் கீழே, இரண்டாம் கோடு வரை, அடிப்படை வேலை முடிய வேண்டும், அழகு குறையலாம். முதல் கோட்டை முடிவு செய்ய ‘பேஸ்லைன்’ என்ற வகைப்பாடு உதவும். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி நான்கிலும் வந்துசேர்ந்து 30 மாதம் ஆன வசதிகளை அது ‘பரவலாகக் கிடைப்பவை’ என்று குறிக்கிறது. நீங்கள் முடிவு செய்ததை ‘பிரவுசர்லிஸ்ட்’ அமைப்பில் எழுதிவிட்டால் பேபல், ஆட்டோபிரிஃபிக்ஸர் போன்ற கருவிகள் அதைப் படித்து அதற்கேற்ப வேலை செய்யும்.

இரண்டாம் கோட்டை எங்கே போடுவது என்பதை வேலையின் முக்கியத்துவம் சொல்லும். பொழுதுபோக்குத் தளம் அதைச் சற்று மேலே போடலாம். சேர்க்கை, மருத்துவம், ஓய்வூதியம் ஆகியவை சார்ந்த தளங்கள் முடிந்தவரை கீழே போட வேண்டும்.

9.3 பதிப்பைக் கேட்காதீர்கள், திறனைக் கேளுங்கள்

பிரவுசர் தன்னைப் பற்றிச் சொல்லும் ‘யூசர் ஏஜென்ட்’ வரியைப் படித்து, இன்ன பதிப்பு என்றால் இன்ன பக்கம் என்று பிரிப்பது பழைய வழக்கம். அது திரும்பத் திரும்பத் தோற்ற வழக்கமும் கூட. 2008இல் ஃபிளாஷ் பிளேயர் 10 வந்தபோது, பதிப்பு எண்ணின் முதல் இலக்கத்தை மட்டும் படித்த ஸ்கிரிப்டுகள் அதை 1 என்று எடுத்துக்கொண்டு ‘பழைய பதிப்பு’ என்றன. மறு ஆண்டு ஓபரா 10 வந்தபோதும் அதே சிக்கல். அதைத் தவிர்க்க ஓபரா தன்னை 9.80 என்றே சொல்லிக்கொண்டு வேறோர் இடத்தில் உண்மைப் பதிப்பை வைத்தது. 2022இல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 100ஐத் தொட்டபோது, இரண்டு இலக்கம் மட்டுமே படிக்கும் தளங்கள் உடையுமோ என்று முன்கூட்டியே சோதிக்க வேண்டியிருந்தது.

அந்த வரி இப்போது முழு உண்மையையும் சொல்வதில்லை. 2019 முதல் ஐபேடின் சஃபாரி தன்னை மேக் கணினி என்றே காட்டிக்கொள்கிறது. 2023 முதல் ஆண்ட்ராய்டு குரோம், போன் எந்தப் பதிப்பானாலும் ‘ஆண்ட்ராய்டு 10’ என்றே சொல்கிறது. பதிவேட்டில் மொத்தப் போக்கைப் பார்க்க அது உதவும். எதிரில் இருக்கும் ஒருவருக்கு எதைத் தருவது என்று முடிவு செய்ய உதவாது.

செய்ய வேண்டியது எளிது. பயன்படுத்தப்போகும் வசதி இருக்கிறதா என்று அந்தப் பிரவுசரிடமே கேளுங்கள். ஜாவாஸ்கிரிப்டில் அந்தப் பொருளோ செயற்கூறோ உள்ளதா என்று ஓர் ‘இஃப்’ வரியில் பார்த்துவிடலாம். சிஎஸ்எஸில் இதற்கென்றே ‘சப்போர்ட்ஸ்’ விதி இருக்கிறது. அது இல்லாமலும் சிஎஸ்எஸ் உங்களுக்கு ஒத்துழைக்கும்: தனக்குப் புரியாத வரியைப் பிரவுசர் கடந்துபோய்விடும். எனவே எளிய அமைப்பை முதலிலும் புதிய அமைப்பை அதன் கீழும் எழுதினால், தெரிந்த பிரவுசர் புதியதை எடுத்துக்கொள்ளும். தெரியாதது எளியதில் நிற்கும்.

பிபிசி செய்திப் பிரிவு 2012இல் கையாண்ட முறை இன்றும் நல்ல முன்மாதிரி. எல்லோருக்கும் முதலில் அடிப்படைப் பக்கம் போகும். அதில் உள்ள ஒரு சிறு ஸ்கிரிப்ட் மூன்று வசதிகள் இருக்கின்றனவா என்று பார்க்கும். மூன்றும் இருந்தால் மேம்பட்ட ஸ்கிரிப்டுகள் இறங்கும். இல்லாவிட்டால் அடிப்படைப் பக்கமே நிற்கும். பிரவுசரின் பெயரையோ எண்ணையோ யாரும் கேட்கவில்லை. நீங்கள் செய்யும்போது இன்றைய தேவைக்கேற்ற மூன்று வசதிகளைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.

9.4 அடியிலிருந்து கட்டுங்கள்: விண்ணப்பப் படிவம்

மேம்பாட்டை அடுக்கடுக்காகச் சேர்க்கும் இந்த அணுகுமுறைக்கு 2003இல் ஸ்டீவ் சாம்பியன் பெயர் சூட்டினார். நம் சேர்க்கைப் படிவத்தை அவ்வழியில் கட்டுவோம்.

முதல் அடுக்கு எச்டிஎம்எல் மட்டும். படிவம் போய்ச் சேரும் முகவரி ஒன்று, உண்மையான சமர்ப்பிக்கும் பொத்தான் ஒன்று. பொத்தானைத் தட்டினால் தகவல் சர்வருக்குப் போய், பதிலாக முழுப் பக்கம் ஒன்று வர வேண்டும். பிழை இருந்தால், நிரப்பிய விவரங்கள் அழியாமல், எந்தக் கட்டத்தில் என்ன பிழை என்ற குறிப்போடு படிவம் திரும்ப வர வேண்டும். சரிபார்ப்பு முழுவதும் சர்வரில் இருக்கட்டும். பிரவுசரில் நடப்பது வசதிக்கு மட்டுமே. பிறந்த நாளுக்குத் தேதிக் கட்டத்தை வைத்தால், அந்த வகையை அறியாத பிரவுசர் அதைச் சாதாரண எழுத்துக் கட்டமாகக் காட்டும். மேசைக் கணினி சஃபாரியில் அந்த வசதி 2021இல்தான் வந்தது. ஆகவே பக்கத்தில் ‘நாள்-மாதம்-ஆண்டு’ என்று எழுதி, கையால் தட்டிய தேதியையும் சர்வர் ஏற்கும்படி செய்யுங்கள்.

இரண்டாம் அடுக்கு சிஎஸ்எஸ். ஒரே பத்தியாக மேலிருந்து கீழே ஓடும் அமைப்பை அடிப்படையாக வைத்து, கிரிட் தெரிந்த பிரவுசருக்கு மட்டும் இரண்டு பத்தியாக்குங்கள். எதையும் மறைத்துவைத்துப் பிறகு ஸ்கிரிப்டால் காட்டும்படி எழுதாதீர்கள். ஸ்கிரிப்ட் வராவிட்டால் அது மறைந்தே கிடக்கும்.

மூன்றாம் அடுக்கு ஜாவாஸ்கிரிப்ட். தட்டும்போதே பிழை காட்டுவது, மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்ததும் ஊர்ப் பட்டியலைச் சுருக்குவது, படத்தை அனுப்பும் முன் அளவு குறைப்பது எல்லாம் இங்கே வரட்டும். ஒவ்வொன்றையும் சேர்க்கும்போது ‘இது ஓடாவிட்டால் விண்ணப்பம் போய்ச் சேருமா’ என்று கேளுங்கள். படத்தைப் பிரவுசரால் சுருக்க முடியாவிட்டால், பெரிய படத்தையே சர்வர் வாங்கிக்கொண்டு தானே சுருக்கட்டும்.

செயலிகளுக்குள்ளேயே திறக்கும் பக்கங்களைத் தனியே கவனியுங்கள். சில செயலிகளின் உட்பிரவுசரில் கோப்பு ஏற்றுவதோ இறக்குவதோ நடக்காமல் போகலாம். படிவத்தின் இணைப்பு முகவரியைக் கண்ணில் படும்படி எழுதி, ‘குரோமில் திறந்தும் நிரப்பலாம்’ என்று ஒரு வரி சேர்த்தால் பலருக்கு வழி கிடைக்கும்.

9.5 புதிய ஜாவாஸ்கிரிப்டும் பழைய எஞ்சினும்

சிஎஸ்எஸின் பொறுமை ஜாவாஸ்கிரிப்டுக்குக் கிடையாது. புரியாத இலக்கணம் ஒரே இடத்தில் இருந்தாலும் பிரவுசர் அந்தக் கோப்பு முழுவதையும் ஒதுக்கிவிடும். கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்த ‘ஆப்ஷனல் செயினிங்’ குறி குரோம் 80, சஃபாரி 13.1, ஃபயர்ஃபாக்ஸ் 74 ஆகியவற்றில் 2020இன் முதல் மாதங்களில் வந்தது. ஐபோன் 6இல் ஓடும் சஃபாரி 12க்கு அது தெரியாது. அந்தக் குறியை ஒருமுறை எழுதினாலும் கோப்பிலுள்ள ஒரு வரிகூட அங்கே ஓடாது. ‘இஃப்’ போட்டும் தப்ப முடியாது. ஓடத் தொடங்கும் முன்பே கோப்பு நிராகரிக்கப்பட்டுவிடும்.

எனவே இரண்டு வகைக் குறையைப் பிரித்துப் பாருங்கள். இலக்கணம் புதிதானால், பேபல் போன்ற கருவியால் பழைய இலக்கணத்துக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். செயற்கூறு மட்டும் புதிதானால், அதைப் பழைய பிரவுசரில் நிரப்பித் தரும் ‘பாலிஃபில்’ போதும். கோர்-ஜேஎஸ் இதற்கு அதிகம் பயன்படும் தொகுப்பு.

புதிய பிரவுசருக்கு ‘மாட்யூல்’ வகை ஸ்கிரிப்டையும் பழையதற்கு ‘நோமாட்யூல்’ ஸ்கிரிப்டையும் தருவது ஒரு வழி. பழையது முன்னதைத் தொடாது. புதியது பின்னதைத் தொடாது. ஆனால் மாட்யூல் தெரிந்த பிரவுசருக்கு எல்லாமே தெரியும் என்று எண்ணிவிடக் கூடாது. குரோம் 61க்கு 2017இலேயே மாட்யூல் தெரியும். ஆப்ஷனல் செயினிங் தெரியாது. மாட்யூல் கோப்பையும் உங்கள் கோட்டுக்கு ஏற்றபடி மாற்றியே தர வேண்டும்.

பாலிஃபில்லை வேற்றுத் தளத்திலிருந்து நேரடியாக இழுக்காதீர்கள். பாலிஃபில் புள்ளி ஐஓ என்ற புகழ்பெற்ற சேவையின் முகவரி 2024இல் கைமாறியது. ஜூனில் அதன் வழியாகத் தீய நிரல் பரவியது. அதை நம்பியிருந்த தளங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். தேவையான கோப்பை உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

9.6 எழுத்துருவும் சான்றிதழும்

1990களின் இறுதியில் தமிழ் இதழ்கள் வலையேறியபோது வாசகர் கணினியில் தமிழ் எழுத்துருவே இல்லை. பக்கத்தோடு எழுத்துருவையும் அனுப்பும் ‘டைனமிக் ஃபான்ட்’ கைகொடுத்தது. ஆனால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு ஈஓடி கோப்பு, நெட்ஸ்கேப் 4க்குப் பிஎஃப்ஆர் கோப்பு என்று இரண்டு தேவைப்பட்டன. ஒன்றை மட்டும் வைத்த தளம் மற்றொரு பிரவுசரில் படிக்க முடியாத குறிகளாக நின்றது. யுனிகோடு வந்தபின் உரை எழுத்துருவிலிருந்து விடுதலை பெற்றது. நீங்கள் அனுப்பும் வெப் ஃபான்ட் போய்ச் சேராவிட்டாலும் கருவியில் உள்ள தமிழ் எழுத்துரு அதே உரையைக் காட்டும். இந்த விடுதலையை நாமே கெடுத்துவிடக் கூடாது. அறிவிப்புகளைப் படமாகவோ பழைய குறியேற்றத்திலோ போடாதீர்கள். எழுத்துரு இறங்கும்வரை உரை காத்திருக்காமல் தெரிய ‘ஃபான்ட்-டிஸ்ப்ளே’ மதிப்பை ‘ஸ்வாப்’ என்று வையுங்கள். எழுத்துருக் கோப்பைச் சுருக்கும்போது எழுத்துகளை இணைக்கும் அட்டவணை விடுபட்டால் ‘கு’, ‘ஸ்ரீ’ போன்ற வடிவங்கள் உடையும். சுருக்கிய பின் படித்துப் பாருங்கள்.

தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் தவறினால் பக்கமே திறக்காது. இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்டின் வேர்ச் சான்றிதழை ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்தைய போன்கள் தாமாக அறியா. அவை சார்ந்திருந்த பழைய வேர்ச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30இல் காலாவதியானது. அதன்பின் செய்த சிறப்பு ஏற்பாடும் 2024 செப்டம்பரோடு முடிந்தது. அத்தகைய போன்கள் உங்கள் கோட்டுக்குள் வருமானால், சான்றிதழ் வாங்கும்போதே அவற்றில் திறந்து சோதியுங்கள்.

9.7 பழைய பிளகின் உள்ளடக்கம் கையில் இருந்தால்

பாடங்களும் விளையாட்டுகளும் ஃபிளாஷ் கோப்புகளாகக் கிடந்தால் அவற்றை எறிந்துவிட வேண்டாம். ‘ரஃபிள்’ என்ற திறந்த மூலக் கருவி அவற்றில் பலவற்றைப் பிளகின் இல்லாமலே இன்றைய பிரவுசரில் ஓட்டுகிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 முதல் அதைத்தான் பயன்படுத்துகிறது. வெறும் அசைவுப் படமானால் வீடியோவாக மாற்றிவிடுங்கள். ஜாவா ஆப்லெட்டில் நடந்த கணக்கீட்டைச் சர்வருக்கு நகர்த்துங்கள். நிறுவனத்துக்குள் மட்டும் ஓடும் பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் பக்கங்களுக்கு எட்ஜ் பிரவுசரின் ‘ஐஇ மோட்’ தற்காலிக வழி. அதுவும் ஒருநாள் முடியும் என்பதால் மாற்றும் நாளை இப்போதே குறியுங்கள்.

9.8 வருகிறவரிடம் சொல்லும் விதம்

இரண்டாம் கோட்டுக்கும் கீழே இருந்து ஒருவர் வரும்போது வெற்றுத் திரையைக் காட்டாதீர்கள். என்ன நடக்கவில்லை, அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்று இரண்டு வரியில் தமிழில் சொல்லுங்கள். ‘உங்கள் பிரவுசர் ஆதரிக்கப்படவில்லை’ என்பது அவருக்கு எதையும் சொல்லாது. ‘இந்தக் கருவியில் படத்தை ஏற்ற முடியவில்லை. விண்ணப்பத்தை இப்போதே அனுப்பிவிடுங்கள். படத்தை அலுவலகத்தில் நேரில் தரலாம்’ என்பது அவர் வேலையை முடித்துவைக்கும். மாற்று வழியாகத் தொலைபேசி எண்ணோ, அச்சிடும் படிவமோ, நேரில் வரும் முகவரியோ அங்கேயே இருக்கட்டும்.

எதையும் ‘நிறுவுங்கள்’ என்று உங்கள் பக்கத்தில் சொல்லாதீர்கள். ஃபிளாஷ் காலத்தில் ‘புதிய பதிப்பை நிறுவவும்’ என்ற போலி அறிவிப்பு வழியாகவே எத்தனையோ தீய நிரல்கள் பரவின. அந்தப் பழக்கத்துக்கு நல்ல தளமும் துணைபோகக் கூடாது.

9.9 வெளியிடும் முன் சரிபார்க்க

• ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவிட்டுப் படிவத்தை முதலிலிருந்து கடைசிவரை நிரப்பி அனுப்புங்கள்.
• டெவலப்பர் கருவியில் இணைப்பை மெதுவாக்கி, ஸ்கிரிப்ட் கோப்பு ஒன்றைத் தடுத்துவிட்டு மீண்டும் அனுப்புங்கள்.
• உங்கள் இரண்டாம் கோட்டில் நிற்கும் பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றையும் பழைய ஐபோன் ஒன்றையும் கையில் வைத்துச் சோதியுங்கள். திரையைச் சிறிதாக்கிக் காட்டும் சோதனை வசதியில் எஞ்சின் புதியதாகவே இருக்கும். பதிப்புக் குறை அதில் தெரியாது.
• பக்கத்தை வாட்ஸ்அப் இணைப்பிலிருந்தும் திறந்து பாருங்கள்.
• கட்டி முடித்த ஜாவாஸ்கிரிப்ட் கோப்பில், உங்கள் கோட்டுக்கு மேற்பட்ட இலக்கணம் எஞ்சியுள்ளதா என்று கருவியால் தேடுங்கள்.
• ஆண்டுக்கு ஒருமுறை பதிவேட்டைப் பார்த்து இரண்டு கோடுகளையும் திருத்துங்கள். பயன்படாத பாலிஃபில்லை எடுத்துவிடுங்கள். அதன் சுமையை எல்லோரும் சுமக்கத் தேவையில்லை.

இவ்வளவையும் ஒரே நாளில் செய்ய முடியாவிட்டால் முதலாவதை மட்டும் இன்று செய்யுங்கள். ஸ்கிரிப்ட் இல்லாமல் படிவம் போய்ச் சேர்ந்தால் உங்கள் தளத்தின் அடித்தளம் உறுதியாக இருக்கிறது; மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். போய்ச் சேரவில்லை என்றால், புதிய வசதி எதையும் சேர்க்கும் முன் அதைச் சரிசெய்யுங்கள்.